கிரெவில்லியாவுக்கு உரம் போடாத ஆறு பேர்

பை நிரப்பவும் பதியம் போடவும் ஒட்டு கட்டவும் உங்களுக்குச் சொல்லித்தர இந்த நர்சரியில் ஆள் இருக்கிறார்கள். முப்பத்தொரு வருஷம் இங்கே வேலை செய்து போன ஆடியில் ஓய்வு பெற்ற என்னிடம், "எஸ்தர் அக்கா, எங்களுக்கு ஏதாவது எழுதித் தாங்க" என்று கேட்டீர்கள். நான் நாற்பது செடியைக் கொன்றதையும், அதே செடிக்காக எனக்கு வேலை போனதையும் எழுதுகிறேன். புத்திமதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளைக்கு உங்கள் முன்னால் ஒருவர் வந்து நின்று, கையில் இருப்பதைக் குழியில் போடு என்று சொல்வார். அப்போது இது ஞாபகம் வந்தால் போதும்.

நான் சேர்ந்த காலத்தில் இங்கே ரப்பர் கன்று மட்டும்தான். சிதறால் போகும் சாலையில் இருந்து பார்த்தால் கண் போகும் தூரம் வரை எங்கள் பைகள் நிற்கும். ஒட்டு கட்டுவதில் என் கைக்கு மிஞ்சின கை அப்போது இந்தப் பக்கத்தில் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பிறகு வளைகுடாவில் இருந்து வந்தவர்கள் வீடு கட்டத் தொடங்கினார்கள். வீட்டுக்கு முன்னால் பூ வேண்டும், அதுவும் பக்கத்து வீட்டில் இல்லாத பூவாக வேண்டும் என்றார்கள். முதலாளி பெங்களூருக்குப் போய் ஒரு வேன் நிறையச் செடி கொண்டுவந்தார். அதில் நாற்பது, கிரெவில்லியா.

ஆஸ்திரேலியாவில் காட்டில் தானாக வளரும் புதர் அது. நம்முடைய மலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிறதே சில்வர் ஓக், அதற்குத் தங்கை முறை. இலை அதேபோல் கிழிந்து கிழிந்து, அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல் இருக்கும். பூவில் இதழைத் தேடினால் கிடைக்காது. சிவப்பு நூலை வளைத்து வளைத்து வரிசையாகச் செருகியதுபோல் இருக்கும். வேனில் இருந்து இறக்கி வைத்த அரைமணி நேரத்தில் ஒரு தேன்சிட்டு வந்து அதில் தலைகீழாகத் தொங்கியது.

"இதென்ன அக்கா, சீப்பைக் கொண்டு செடியில குத்தி வச்சிருக்கு," என்றாள் பிலோமினா.

பிலோமினா இனயத்துக்காரி. இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவாள். மகள் பெர்த் நகரத்தில் நர்ஸ். வீட்டில் இரு என்று மகள் எத்தனை முறை சொல்லியும் கேட்காதவள். எனக்குக் கீழே இருந்த ஐந்து பெண்களில் வாய் அவளுக்குத்தான் பெரிது.

நாற்பது செடியையும் பெரிய பைக்கு மாற்றினோம். எல்லாச் செடிக்கும் செய்வதுபோல் பைக்கு ஒரு பிடி எலும்புத்தூளும் கொஞ்சம் டி.ஏ.பி. உரமும் போடச் சொன்னேன். இரண்டு வாரத்தில் கொழுந்து மஞ்சளானது. செடிக்குப் பசி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போட்டேன். இலை ஓரம் தீயில் வாட்டியதுபோல் கருகியது. வெயில் அதிகம் என்று நினைத்து நிழலுக்கு மாற்றி வெள்ளம் ஊற்றுவதை அதிகமாக்கினேன். ஒரு மாதத்தில் முப்பத்தைந்து செடி பட்டுப்போயிற்று.

முதலாளி வந்து கேட்டபோது நான் சொன்னது இதுதான்: "பெங்களூர்ல இருந்து சீக்குப் பிடிச்ச செடியைத் தந்திருக்கான்." அவர் என் முன்னால் நின்றே பெங்களூருக்குப் போன் போட்டு அந்த ஆளைக் கிழித்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அந்த வாரம் பிலோமினாவின் மகள் லீவில் வந்தாள். அம்மா வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வந்தவள், மீதி ஐந்து செடியைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"இதுக்கு என்ன போட்டீங்க அக்கா?"

"எல்லாத்துக்கும் போடுறதுதான். எலும்புத்தூள், டி.ஏ.பி."

"அதுதான் கொன்னிருக்கு."

என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஊசி போடுகிற பெண்ணுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும் என்று என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். அவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பெர்த்தில் அவள் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவின் தோட்டத்தில் இதே செடி நின்றதாம். இவள் உதவி செய்வதாக நினைத்து, ரோஜாவுக்கு வைத்திருந்த உரத்தில் ஒரு பிடியை அதன் அடியில் போட்டிருக்கிறாள். அந்த அம்மா மண்வெட்டியோடு ஓடி வந்து மண்ணையே வெட்டி எடுத்து வெளியே போட்டார்களாம். எலும்புத்தூளிலும் டி.ஏ.பி.யிலும் இருக்கிற மணிச்சத்து, அதாவது பாஸ்பேட், அந்த ஊர் மண்ணில் இல்லவே இல்லை என்று சொல்லலாம். அங்கே பிறந்த இந்தச் செடி, இருக்கிற துளியையும் சுரண்டி எடுக்கிற வேரை வளர்த்துக்கொண்டு உயிர் வாழ்கிறது. அந்த வேருக்கு முன்னால் ஒரு பிடி உரம் வைத்தால், 'போதும்' என்று நிறுத்த அதற்குத் தெரியாது. அத்தனையையும் இழுத்து, உள்ளே நஞ்சாகிச் சாகும்.

"அங்க கடையில இதுக்குன்னு மணிச்சத்து கொறஞ்ச உரம் தனியா விக்குது அக்கா. அதுவும் கூட அந்த அம்மா போட மாட்டாங்க."

நான் நம்பவில்லை. மீதி ஐந்தும் அடுத்த வாரமே போயின. ஆனால் ராத்திரி படுத்தால் அந்த நாற்பது செடிதான் கண்ணில் நின்றது. முதலாளியிடம் கேட்டுப் பத்துச் செடி புதிதாக வரவழைத்தேன். ஐந்துக்கு உரம் போட்டேன். ஐந்துக்கு நம்முடைய சரல்மண்ணும் காய்ந்த இலையும் மட்டும். உரம் போட்ட ஐந்தும் போயின. சரலில் நின்ற ஐந்தும் இரண்டு மாதத்தில் மொட்டு வைத்தன. அன்றைக்கே முதலாளியின் அறைக்குப் போய், நாற்பது செடியைக் கொன்றது நான்தான், பெங்களூர்க்காரன் மேல் பொய் சொன்னேன் என்று சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "அப்பம் இனி அதுக்கு என்ன செய்யணுமோ நீயே பாத்துக்கோ," என்றார்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் பிற்பாடு அவருக்கே ஞாபகப்படுத்த வேண்டி வந்தது.

நாலைந்து வருஷம் கழித்து, மலைச்சரிவில் புதிதாக வந்த ஒரு விடுதிக்கு நூற்றைம்பது கிரெவில்லியா கேட்டார்கள். அதுவரை எங்களுக்கு அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. நூற்றைம்பதையும் நாங்களே தளிர்க்கம்பு நட்டு வளர்த்தோம். வைகாசியில் நடப் போனோம். முதல் நாள் சரிவின் அடியில் முப்பது குழி வெட்டி முப்பது செடி வைத்துவிட்டோம். இரண்டாம் நாள் காலையில் ஒரு லாரி வந்து எட்டு மூட்டை சூப்பர் பாஸ்பேட்டை இறக்கியது. பின்னாலேயே, விடுதிக்குத் தோட்டம் வடிவமைக்கும் ஆலோசகர் சென்னையில் இருந்து வந்து இறங்கினார். குழிக்குக் கால் கிலோ என்று அவர் தாளில் இருந்தது.

போய்ச் சொன்னேன். இந்தச் செடிக்கு அது ஆகாது, நாற்பது செடியைக் கொன்று கற்றுக்கொண்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தாளில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேர் பிடிக்க பாஸ்பேட் வேணும்மா. இது அடிப்படை. நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"பத்தாம் கிளாஸ் தோத்தவ சார். அதுக்காகச் செடி உங்க பேச்சைக் கேக்கப் போறதில்லை. பாதி வரிசை உங்க வழி, பாதி வரிசை எங்க வழின்னு வச்சிப் பாப்போம்."

"இது பரிசோதனைக் கூடம் இல்ல. சொன்னதைச் செய்யுங்க."

அவர் மேலே போனார். பெண்கள் ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இந்த இடம்தான் உங்களுக்கு முக்கியம். செய்யலாம், செடி செத்தால் பழி அவருக்கு என்று ஒரு யோசனை வரும். எனக்கும் வந்தது. அப்படி யோசிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்கள் ஒருவருக்கும் வேலை போனதில்லை. ஆனால் அந்த நூற்றிருபது செடியும் என் கையால் கம்பு வெட்டி, மூடி வைத்து, ஒவ்வொன்றாக வேர் பார்த்து எடுத்தவை. சாகும் என்று தெரிந்தே வைக்க என்னால் முடியாது. நான் போய் அந்த மூட்டைகள் மேல் உட்கார்ந்தேன்.

பிலோமினா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கொஞ்சம் தள்ளி இரி அக்கா, மத்தவளுவளுக்கும் எடம் வேணும்லா." மற்ற நாலு பேரும் வந்தார்கள். மழை பெய்யத் தொடங்கியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் முதலாளி வந்தார். குடைக்குள் நின்றுகொண்டே, "எஸ்தரே, எந்திரி," என்றார்.

"இனி அதுக்கு என்ன செய்யணுமோ நீயே பாத்துக்கோன்னு சொன்னது நீங்கதானே."

"இந்த சோலி போச்சுன்னா அடுத்த சோலி வராது. சாவுறது அவிய செடி. நமக்கென்ன?"

"அவிய செடி இல்ல. நம்ம செடி. நம்ம பேரைச் சொல்லித்தான் சாவும்."

அவர் குடையைச் சாய்த்துத் திரும்பினார். பிறகு, "அப்பம் நாளையில இருந்து வராண்டாம். ஆறு பேரும்," என்றார். நாங்கள் இறங்கி, நனைந்த சேலையோடு நடந்து போய் பஸ் ஏறினோம். பஸ்ஸில் ஒருத்தி அழுதாள். அவள் வீட்டில் சம்பாதிக்கிறது அவள் ஒருத்திதான். அவளை நான் கூப்பிடவில்லை, அவளாகவே வந்து உட்கார்ந்தாள். இருந்தாலும் அந்த அழுகை என் கணக்கில்தான் இருக்கிறது.

வேறு ஆட்களை வைத்து மீதி நூற்றிருபதையும் உரத்தோடு நட்டார்கள். ஆனி முடியும் முன்னால் அத்தனையும் கருகின. பிலோமினாதான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அடிவரிசை முப்பதும் பச்சையாக நிற்கிறது என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு நாள் சாப்பாடு ருசித்தது.

ஆடி மழை பிடித்தது. சரிவின் வெள்ளம் எல்லாம் அடிவரிசையில் வந்து தேங்கியது. அந்த முப்பதில் இருபத்தொன்று வேர் அழுகிச் செத்தது.

"உரம் போடாததும் செத்துடுச்சே" என்று ஆலோசகர் எல்லாரிடமும் சொன்னாராம். அதில் அவர் பொய் சொல்லவில்லை. உரத்தில் நான் சரி. வெள்ளத்தில் நான் தவறு. இந்தச் செடிக்கு வேரில் ஈரம் தங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். மண்ணை மேடாக்கி அதன் மேல் வைத்திருக்க வேண்டும். பெரிய வேலை வந்த பெருமையில் சமமான குழியில் வைத்துவிட்டேன். சண்டை போடுகிறவர்களுக்கு இது ஒரு கண்டம். ஒரு இடத்தில் நீங்கள் சரியாக இருந்தால் மற்ற இடமெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். முதலில் அங்கேதான் பார்ப்பார்கள்.

எங்களில் இரண்டு பேர் முந்திரி உடைக்க அண்டியாபீசுக்குப் போனார்கள். நான் குலசேகரம் பக்கம் ரப்பர் ஒட்டுக்குக் கூலியாகப் போனேன். மீதி ஒன்பது செடியையும் பிடுங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஒருநாள் வேலைக்குப் போகாமல் பிலோமினாவோடு விடுதிக் கேட்டில் போய் நின்றேன். உள்ளே விட உத்தரவு இல்லை என்றார் காவல்காரர்.

"நாளைக்குக் குப்பையில போடப் போறதை இன்னைக்கு நாலு கம்பு வெட்டிக்கிடுகோம். குப்பைக்கும் உத்தரவு வேணுமா அண்ணே?" என்றாள் பிலோமினா.

அவர் கேட்டைத் திறந்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

கம்பை வெட்டும்போதே எனக்கு ஒன்று தோன்றியிருந்தது. நம் மழையில் இந்தச் செடிக்குச் சொந்த வேர் பற்றாது. ஆனால் சில்வர் ஓக் இந்த மழையில் நூறு வருஷமாக நிற்கிறது. தங்கைக்கு அக்காள் காலைக் கொடுத்தால் என்ன? ஐம்பது சில்வர் ஓக் கன்று வாங்கினேன். முதலில் இருபதில், ரப்பருக்குச் செய்வதுபோல் பட்டையைக் கீறி மொட்டை வைத்துக் கட்டினேன். இருபதும் கருகிப்போயின. அடுத்த முறை கன்றின் தலையை வெட்டி, நடுவில் பிளந்து, கம்பைச் சீவிச் செருகி, நாடா சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையால் மூடினேன். முப்பதில் பதினேழு தழைத்தன. அந்தப் பதினேழில் இருந்து கம்பு எடுத்து மறுபடி கட்டினேன். மறு வருஷம் மாசி வரும்போது என் முற்றத்தில் நடக்க இடம் இல்லை, தொண்ணூறு செடி. பிலோமினா ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நான் என் சபைக்குப் போய்விட்டு வர நேரமானால், அவள் தண்ணீர் தெளித்து முடித்து, "உங்க பாஸ்டர் இன்னும் விடலியா?" என்று கேட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள்.

விடுதிக்காரர் துபாயில் இருந்து வந்து, நான் கேட்ட சிவப்புப் பூ எங்கே என்று மானேஜரைப் பிடித்திருக்கிறார். மானேஜர் எங்கள் முதலாளியைப் பிடித்திருக்கிறார். முதலாளி என் வீட்டுக்கு வந்தார். முற்றத்தைப் பார்த்ததும் செடிகளுக்கு நடுவில் குனிந்தார். ஒரு செடியில் ஒட்டுக் கட்டிய இடத்தை விரலால் தடவினார்.

"சில்வர் ஓக்கிலயா?"

"ஆமா."

"திங்கக்கிழமை வேலைக்கு வா."

"ஆறு பேருக்கும் வேலை இருக்கா?"

"உன்னைத்தானே கூப்பிடுகேன்."

"நான் ஒத்தையில உக்காரலியே."

போய்விட்டார். பத்து நாள் கழித்து வந்து மூன்று பேருக்கு வேலை உண்டு என்றார். காப்பி கொடுத்து அனுப்பினேன். என் வீட்டில் அன்றைக்கு அரிசிப் பானையில் கை விட்டால் அடி தட்டும். அது அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. மூன்றாம் முறை அவர் ஜீப்பைக் கொண்டுவந்து தெருவில் நிறுத்தினார். பிலோமினா முன்சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். இனயம் போய் அவளை முதலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"மத்தவளுவ வீடு எங்கெங்கேன்னு இவளுக்குத்தான் தெரியும்," என்று அவர் பொதுவாகச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் கடைசிவரை சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அண்டியாபீஸ் வாசலில் ஜீப்பை நிறுத்தி ஆரன் அடித்தார். உள்ளே இருந்து இரண்டு பேரும் முந்திரி எண்ணெயில் கருத்த விரல்களோடு ஓடி வந்து ஏறினார்கள். பஸ்ஸில் அழுதவளையும் அன்றைக்கே ஏற்றினோம்.

இந்த முறை சரிவு முழுவதும் சரலைக் கொட்டி முழங்கால் உயரத்துக்கு மேடு போட்டோம். வெள்ளம் போக மேட்டுக்கு மேடு சால் வெட்டினோம். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணில் புதையாமல் தொண்ணூறு செடியையும் வைத்து, காய்ந்த இலையால் மூடினோம். வேறு எதுவும் போடவில்லை. நட்டு முடித்த சாயங்காலம் மானேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். முதலாளியும் உடன் இருந்தார். மேசையில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது.

"போன தடவை மாதிரி ஆகக் கூடாது. ஒரு செடிகூடச் சாகாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிடு என்று அந்தப் பார்வை சொல்லியது.

"சாவாதுன்னு எழுதித் தர நான் கர்த்தர் இல்ல சார். இந்தத் தடவையும் ஏதாவது சாவும். ஏன் செத்துதுன்னு கேட்டா பதில் சொல்ல நான் இருப்பேன். அதை வேணும்னா எழுதித் தாறேன்."

அவர் பேனாவை நீட்டினார். நான் நின்றுகொண்டே எழுதினேன்: 'இந்தத் தொண்ணூறு செடிக்கும் நாங்கள் ஆறு பேர் பொறுப்பு. இதன் அடியில் எதையாவது போட வருகிறவர் முதலில் எங்களிடம் பேச வேண்டும்.' பிறகு தாளை வெளியே கொண்டுபோய், கை கழுவிக்கொண்டிருந்த ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். பிலோமினா தன் பேரை எழுத நேரம் எடுத்துக்கொண்டாள். ஈரக் கையில் மை கலைந்ததால் மறுபடியும் எழுதினாள்.

மானேஜர் இரண்டு முறை படித்தார்.

"யாரு வந்தாலுமா?"

"யாரு வந்தாலும் சார்."